நீங்கள் கஷ்டமா, உங்களுக்குக் கஷ்டமா?

போன வருஷம் கீழக்கரைத் தம்பி ஒருவர் வாடிய முகத்தோடு வகுப்புக்கு வந்தார். வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வீடியோ காலில் இண்டர்வியூ முடித்திருந்தார். பழைய வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ‘நைட் ஷிப்ட் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு வருஷம் விடாமல் பார்த்தேன்’ என்று சொல்ல நினைத்தவர், ‘ஐ வாஸ் வெரி டிஃபிகல்ட் டு வொர்க் இன் நைட் ஷிப்ட்’ என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, ‘டிஃபிகல்ட்?’ என்று கேட்டாராம். நம்ம ஆள், ‘யெஸ் சார், வெரி டிஃபிகல்ட்’ என்று உறுதியாகத் தலையாட்டியிருக்கிறார்.

வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது ‘நைட் ஷிப்டில் நான் ரொம்பத் தொல்லை பிடித்த ஆள்’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்று.

ராமநாதபுரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். டென்ஸ் தப்பினால் எதிராளி புரிந்துகொண்டு போய்விடுவார். இந்த ‘டிஃபிகல்ட் டு’, ‘ஈஸி டு’ விவகாரம் அப்படியில்லை. வாக்கியம் சரி போலவே ஒலிக்கும், அர்த்தம் மட்டும் வேறு ஆளைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

கோளாறு எங்கே இருக்கிறது என்றால், நம்முடைய ‘எனக்கு’வில். எனக்குப் பயம், எனக்கு சந்தோஷம், எனக்குக் கஷ்டம், எனக்கு வசதி. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘எனக்கு’ போதும். இங்கிலீஷ் இதை இரண்டாகப் பிரிக்கிறது. பயம், சந்தோஷம், ஆவல் எல்லாம் ஆளுக்குள் இருப்பவை. அவற்றுக்கு ‘ஐ ஆம்’ போடலாம். ‘ஐ ஆம் அஃப்ரெய்டு டு ஜம்ப்’, ‘ஐ ஆம் ஹேப்பி டு கம்’. கஷ்டம், சுலபம், சாத்தியம், வசதி இவையெல்லாம் வேலையின் குணம். அங்கே ‘இட் இஸ்’ போட்டுவிட்டு, உங்களை ‘ஃபார் மீ’ என்று பின்னால் உட்கார வைக்க வேண்டும். ‘இட் வாஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு வொர்க் அட் நைட்.’

‘ஐ’ என்று ஆரம்பித்தே பழகிய வாய்க்கு இது சட்டென்று வராது. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி, ‘ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு’. ஆரம்பம் உங்கள் பழக்கப்படியே இருக்கும், அர்த்தமும் கெடாது. இங்கிலீஷ்காரர்களும் பேச்சில் தாராளமாகச் சொல்வதுதான்.

இதே வியாதியின் இன்னொரு முகம், ‘ஆர் யூ கன்வீனியன்ட் டுமாரோ?’ ஆபீசில் பெரிய பதவியில் இருப்பவர்களே கேட்கிறார்கள். நேரம்தான் கன்வீனியன்ட்டாக இருக்க முடியும், மனுஷன் இருக்க முடியாது. ‘இஸ் டுமாரோ கன்வீனியன்ட் ஃபார் யூ?’ என்று திருப்பிப் போட்டால் முடிந்தது. ‘ஐ ஆம் பாசிபிள் டு கம்’ என்பதும் இந்த ஜாதிதான்.

சரி, ‘டிஃபிகல்ட்’டுக்கு முன்னால் ஆள் வரவே கூடாதா? வரலாம், அங்கேதான் வேடிக்கை. மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கி 1960களில் பிரபலமாக்கிய ஜோடி ஒன்று உண்டு: ‘ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்’, ‘ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்’. பார்க்க அச்சாக ஒரே மாதிரி. முதலாவதில் ஜான் மற்றவர்களைத் திருப்திப்படுத்தத் துடிக்கிறான். இரண்டாவதில் ஜானைத் திருப்திப்படுத்துவது மற்றவர்களுக்குச் சுலபம். முன்னதில் ஜான் எழுவாய், பின்னதில் எழுவாய் இடத்தில் உட்கார்ந்திருக்கும் செயப்படுபொருள்.

அவர் மனைவி கரோல் சோம்ஸ்கி 1969-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிய பொம்மை ஒன்றைக் குழந்தைகளிடம் காட்டி, ‘இந்த டால் ஈஸி டு சீயா, ஹார்டு டு சீயா?’ என்று கேட்டார். சிறு குழந்தைகள் பலர் ‘ஹார்டு டு சீ’ என்றார்கள். பொம்மைக்குக் கண் தெரியவில்லையே என்பது அவர்கள் நினைப்பு. பெரிய குழந்தைகள்தான், பொம்மையைப் பார்ப்பது நமக்குச் சுலபம் என்று புரிந்து பதில் சொன்னார்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைகளின் கதை இது. நான் வகுப்பில் ஒருவர் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிவிட்டு இதே கேள்வியைக் கேட்பேன். மீசை வைத்த ஆட்கள் பாதிப் பேர் ‘ஹார்டு டு சீ’ என்பார்கள். சிரித்து முடித்த பிறகு, அந்த வகுப்பில் யாரும் இதை மறப்பதில்லை.

செயப்படுபொருள் முன்னாலேயே வந்துவிட்டதால் பின்னால் இன்னொரு ‘இட்’டுக்கு இடமில்லை. பாம்பன் பாலத்தை வைத்தே சொல்கிறேன். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி மோட்டாரில் நேராக மேலே ஏறுகிறது. பழையதைப் பற்றி எழுதச் சொன்னால், ‘தி ஓல்டு பிரிட்ஜ் வாஸ் ஹார்டு டு ஓபன் இட்’ என்று எழுதுவார்கள். ‘ஓபன்’ என்றால் எதை என்று சொல்ல வேண்டாமா என்ற பள்ளிக்கூட நினைப்பு. அந்த ‘எதை’ தலைவாசலிலேயே நிற்கிறது. ‘ஹார்டு டு ஓபன்’, அவ்வளவுதான்.

ஆனால் ‘இன்’, ‘வித்’ மாதிரி வால்களை வெட்டக் கூடாது. ‘டிஃபிகல்ட் டு வொர்க் வித்’ என்றால் அவரோடு சேர்ந்து வேலை செய்வது கஷ்டம். ‘வித்’ போனால் அர்த்தமும் போச்சு.

அப்புறம் ‘ரொம்ப’. தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டும் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். இந்தப் பக்கம் அமைதியான பெண் கடல், அந்தப் பக்கம் கொந்தளிக்கும் ஆண் கடல் என்று வருகிறவர்களுக்கு அழகாக விளக்குவார். அரிச்சல்முனையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் சட்டையைக் கழற்ற, இவர் ஓடிப்போய், ‘சார், வெரி ரஃப் டு ஸ்விம்!’ என்று கத்தியிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாராம். கையைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

‘குளிக்க ரொம்ப ஆழம்’ என்றால் தமிழில் ‘இறங்காதே’ என்ற எச்சரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது. நம்முடைய ‘ரொம்ப’ இரண்டு வேலை பார்க்கும்: அதிகம், அளவு மீறிய அதிகம். இங்கிலீஷில் அதற்கு இரண்டு சொல். ‘வெரி’ வெறும் அதிகம். தடுப்பது ‘டூ’. ‘டூ ரஃப் டு ஸ்விம் இன்’ என்றால் ‘முடியாது’ என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். நம்மவர்கள் ‘டூ குட்’ என்று பாராட்டுக்குப் பயன்படுத்தித் தேய்த்துவிட்டதால் அதில் இருக்கும் தடை காதில் விழுவதில்லை. கடற்கரையில் வண்டியோ படகோ ஓட்டுகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு ‘டூ’வைப் படித்துக்கொள்ளுங்கள்.

சில சொற்களுக்கு ‘டு’ ஒட்டவே ஒட்டாது. ‘பிஸி டு குக்’ இல்லை, ‘பிஸி குக்கிங்’. ‘வொர்த் டு சீ’ இல்லை, ‘வொர்த் சீயிங்’. ‘கேப்பபிள்’ என்றால் ‘ஆஃப்’. ‘அஃப்ரெய்டு’ இரண்டு பக்கமும் போகும்: படகிலிருந்து குதிக்க மனம் வராவிட்டால் ‘டு ஜம்ப்’, தானாக விழுந்துவிடுவோமோ என்றால் ‘ஆஃப் ஃபாலிங்’. இதற்கெல்லாம் விதி தேடி அலைய வேண்டாம். சொல்லைத் தனியாக நோட்டில் எழுதாமல் அதன் வாலோடு சேர்த்து எழுதுங்கள்.

அந்தக் கீழக்கரைத் தம்பி அடுத்த இண்டர்வியூவுக்கு முன்னால் பயோடேட்டாவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் வரியே ‘ஐ ஆம் இண்ட்ரஸ்டட் டு வொர்க் இன் யுவர் எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்’. ‘இண்ட்ரஸ்டட் இன் வொர்க்கிங்’ என்று திருத்தி, ‘எஸ்டீம்டு’ம் வேண்டாமே என்று எழுதினேன். முதல் திருத்தத்தை உடனே ஏற்றுக்கொண்டார். ‘எஸ்டீம்டு மட்டும் இருக்கட்டும் சார், கம்பீரமா இருக்கு’ என்று பதில் வந்தது.