நெதர்லாந்து சோலார் கணக்கு: 2027 ஜனவரி 1 முதல் என்ன மாறுகிறது?

நெதர்லாந்தில் கூரையில் சோலார் பேனல் வைத்திருக்கிறீர்களா? 2026 டிசம்பர் 31 வரைதான் இப்போதைய கணக்கு. அடுத்த நாளிலிருந்து, கொடுத்த மின்சாரத்தை எடுத்ததில் கழித்துக்கொள்ளும் ‘சால்டேரிங்’ என்கிற சலுகை கிடையாது. வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று முதலில் ஒரு மசோதா வந்தது. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்ற மேலவை அதை நிராகரித்துவிட்டது. பிறகு வந்த மசோதா, சலுகையை ஒரேயடியாக நிறுத்துவது. அது 2024 டிசம்பரில் மேலவையிலும் நிறைவேறிச் சட்டமாகிவிட்டது.

பகலில் பேனல் தருகிற மின்சாரத்தில் வீட்டுச் செலவு போக மிச்சம் கிரிட்டுக்கு, அதாவது பொது மின் கம்பி வலைக்கு, போகிறது. ராத்திரியிலும் குளிர்காலத்திலும் கிரிட்டிலிருந்து எடுக்கிறோம். வருடக் கடைசியில் மின் நிறுவனம் எடுத்த யூனிட்டில் கொடுத்த யூனிட்டைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில் போடுகிறது. இதுதான் சால்டேரிங். ஜூன் மாதம் கொடுத்த ஒரு யூனிட் டிசம்பரில் எடுத்த ஒரு யூனிட்டுக்குச் சரியாகப் போய்விடும், அதன்மேல் வருகிற மின்வரியும் வாட் (மதிப்புக் கூட்டு) வரியும் உட்பட. இந்தச் சலுகையின் மதிப்பில் பெரும்பங்கு அந்த வரிக் கழிவில்தான் இருக்கிறது. பில்லைப் பார்க்கும் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இனிமேல் எடுத்த யூனிட் அத்தனைக்கும் வரியோடு முழு விலை. கொடுத்த யூனிட்டுக்குத் தனியாக ஒரு தொகை வரும். அது வரி சேராத வெறும் மின் விலையில் பாதிக்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பாதி விலை உத்தரவாதம் 2030 வரைக்கும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் மின் விலை யூனிட்டுக்கு 12 சென்ட், வரியெல்லாம் சேர்த்தால் 27 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு வருடத்துக்கு 3,000 யூனிட் எடுத்து 2,500 யூனிட் கொடுக்கிறது. இப்போதைய முறையில் 500 யூனிட்டுக்கு மட்டும் பில்: 135 யூரோ. புதிய முறையில் 3,000 யூனிட்டுக்கும் 810 யூரோ. கொடுத்ததற்குக் குறைந்தபட்சம் யூனிட்டுக்கு 6 சென்ட் வீதம் 150 யூரோ திரும்ப வரும். கட்ட வேண்டியது 660. மாதாந்திர நிலைக் கட்டணங்களையும், ஒவ்வொரு மின் இணைப்புக்கும் கிடைக்கிற வருடாந்திர வரித் தள்ளுபடியையும் இதில் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது 27-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம். பேனல் மின்சாரத்தை அந்த நேரத்திலேயே வீட்டில் செலவழித்தால் யூனிட்டுக்கு 27 சென்ட் மிச்சம். வெளியே அனுப்பினால் 6 சென்ட் வரவு. பொதுவாக ஒரு வீடு தன் பேனல் தருவதில் 30 சதவீதம் போலத்தான் நேரடியாகப் பயன்படுத்துகிறது. அதைக் கூட்டுவதுதான் இனி செய்ய வேண்டிய வேலை. வாஷிங் மெஷின், டிரையர், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாவற்றையும் பகல் 11 மணியிலிருந்து 4 மணிக்குள் ஓட டைமர் வையுங்கள். மின்சார பாய்லர் இருந்தால் தண்ணீரை மதியம் சூடாக்கலாம். மின்சார கார் பகலில் வீட்டில் நிற்கிற நாளில் சார்ஜ் போடுங்கள். இதற்கெல்லாம் பைசா செலவில்லை. பேட்டரி வாங்குவது அப்புறம். பேனலுக்கு 2023 முதல் வாட் வரி பூஜ்யம். தனியாக வாங்கும் வீட்டு பேட்டரிக்கு அது கிடையாது. விற்பனையாளர் காட்டுகிற கணக்கை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, ஏன் நிறுத்துகிறார்கள்? இந்த ஏற்பாடு 2004-ல் தொடங்கியபோது கூரையில் பேனல் இருந்த வீடுகள் மிகக் குறைவு. இன்று ஏறத்தாழ மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கிறது. வெயிலடிக்கும் மே மாத மதியத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவதால் மின்சார மொத்த விற்பனைச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிற மணி நேரங்கள் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வருகின்றன. பல ஊர்களில் கிரிட்டில் இடமில்லாமல் புதிய தொழிற்சாலைகள் இணைப்புக்குக் காத்திருக்கின்றன. சால்டேரிங்கால் மின் நிறுவனத்துக்கு ஆகும் செலவு எல்லார் பில்லிலும் ஏறியது. பேனல் வைக்கக் கூரையே இல்லாத அடுக்குமாடிக் குடும்பமும் அதில் பங்கு கட்டியது. அந்த அநியாயம் தீரத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் நிறுத்துவது, கடன் வாங்கிப் பேனல் போட்ட நடுத்தரக் குடும்பத்துக்குக் கஷ்டம்தான்.

ஒப்பந்தத்தில் ‘தெருக்லேவர்கோஸ்டன்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். நீங்கள் கிரிட்டுக்கு அனுப்புவதற்காக நிறுவனம் உங்களிடமே வசூலிக்கும் கட்டணம் அது. 2027-க்குப் பிறகும் வாங்கலாம். ஆனால் நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும், அதைக் கண்காணிப்பது ஏசிஎம் என்கிற ஒழுங்குமுறை ஆணையம். ஒரு நிறுவனம் 8 சென்ட் தருகிறேன் என்று சொல்லி இந்தக் கட்டணமாக 6 சென்ட் பிடித்தால், கைக்கு வருவது 2 சென்ட். ஆகவே நிறுவனங்களை ஒப்பிடும்போது இரண்டையும் சேர்த்தே பாருங்கள். 2027-ஐத் தாண்டி ஓடும் ஒப்பந்தம் என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு என்ன விலை என்று எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிறுவனம் மாறும் நேரமும் முக்கியம். பழைய ஒப்பந்தம் முடிகிற அன்றே கணக்கு முடிக்கப்படும். செப்டம்பரில் மாறினால், கோடையில் சேர்ந்த உபரி வருகிற குளிர்காலத்துக்கு உதவாது. இந்தக் கடைசி வருடத்தில் அதை இழக்க வேண்டாம்.

ஸ்மார்ட் மீட்டர் திரையில் மாறி மாறி வரும் எண்களில் 1.8.1, 1.8.2 இரண்டும் எடுத்தது (முதலாவது மலிவு நேரம், இரண்டாவது சாதாரண நேரம்). 2.8.1, 2.8.2 இரண்டும் கொடுத்தது. 2026 டிசம்பர் 31 இரவு இந்த நாலையும் போட்டோ எடுத்து வையுங்கள். பில்லில் தகராறு வந்தால் கையில் ஆதாரம் இருக்கும். கொடுக்கும்போது பின்னோக்கிச் சுற்றுகிற பழைய சக்கர மீட்டர் இன்னும் இருந்தால், உங்கள் பகுதி கிரிட் நிறுவனத்திடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். லியாந்தர், ஸ்டேடின், எனெக்ஸிஸ் ஆகியவைதான் பெரும்பாலான இடங்களில் இருக்கின்றன. கொடுத்ததைத் தனியாக அளக்கும் மீட்டர் இல்லாமல் புதிய கணக்குப் போட முடியாது.

வாடகை வீட்டுக்காரர்கள் ஒன்று செய்ய வேண்டும். வீட்டுவசதிக் கழகம் போட்ட பேனலுக்கு மாதாமாதம் சேவைக் கட்டணம் கட்டுகிறவர்கள் நிறைய. மிச்சமாகும் பணம் குறையும்போது அந்தக் கட்டணம் மட்டும் அப்படியே இருந்தால் கையை விட்டுத்தான் போகும். 2027 முதல் கட்டணத்தை எவ்வளவு குறைப்பீர்கள் என்று இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். குடியிருப்பில் வாடகைதாரர் சங்கம் இருந்தால் அதன் வழியாகச் சேர்ந்து கேட்பது இன்னும் நல்லது.