யாரும் தொடாத குவெரி ஏன் உடைந்தது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெங்களூரு மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். டீமில் இருக்கும் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, டெலிவரி ரிப்போர்ட் எரர் அடிக்குது. குவெரிய யாரும் தொடவே இல்லண்ணா."

பெயர், பின்கோடு, லேண்ட்மார்க் எல்லாம் எங்களிடம் ஒரே டெக்ஸ்ட் காலம்னில் (column) கிடக்கும். எது எந்த வகை என்பது இன்னொரு சின்ன டேபிளில். (இப்படி டிசைன் செய்த புண்ணியவான் நான்தான்.) குவெரி (டேட்டாபேஸிடம் எஸ்க்யூஎல்லில் கேட்கும் கேள்வி) இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து, வகை பின்கோடு, மதிப்பை எண்ணாக மாற்றினால் 560001 முதல் 560100 வரை என்று இரண்டு கண்டிஷன் போடும். 'கோயில் எதிரில்' என்பதை இன்டீஜராக மாற்ற முடியவில்லை என்று எரர். வகையைத்தான் முதலில் எழுதியிருக்கிறோமே, அப்புறம் கோயில் எப்படி உள்ளே வந்தது?

ஜாவாவிலும் சி-யிலும் முதல் கண்டிஷன் பொய்த்தால் அடுத்ததைப் பார்க்காது. அந்தப் பழக்கத்தில்தான் எஸ்க்யூஎல்லும் எழுதுகிறோம். ஆனால் எஸ்க்யூஎல் அப்படி வாக்குக் கொடுத்ததே இல்லை. கண்டிஷன்களை எந்த வரிசையில் பார்க்கும் என்பது வரையறுக்கப்படவில்லை என்று எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் மேனுவலே சொல்கிறது. எது செலவு குறைவோ அந்த வழியில் பிளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) போகும். அந்த வழியைக் காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டதும் புரிந்தது. முன்பு இன்டெக்ஸ் வழியாக நெஸ்டட் லூப் (ஒரு டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் மற்றதில் தேடும் ஜாயின்) ஓடியது. பின்கோடு வரிசைகளை மட்டுமே எடுத்தது. டேபிள் பெருத்ததும் ஹாஷ் ஜாயின் என்ற இன்னொரு முறைக்கு மாறிவிட்டது. முழு டேபிளையும் ஸ்கேன் செய்யும்போதே எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. வகை ஒப்பீடு அதற்குப் பிறகுதான்.

தம்பி வகைக் கண்டிஷனை சப்குவெரிக்குள் (குவெரிக்குள் இன்னொரு குவெரி) போட்டுப் பார்த்தான். பிளானர் அதைப் பிரித்து வெளியே கலந்துவிட்டது. சப்குவெரிக்குப் பெயர் வைத்து முன்னால் எழுதும் 'வித்' போட்டால் போஸ்ட்கிரெஸின் பழைய பதிப்புகளில் தனியாக ஓடும். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அதையும் கலந்துவிடலாம், 'மெட்டீரியலைஸ்டு' என்று சேர்த்தால்தான் தடுக்கும். கடைசியில் 'கேஸ்' (இப்படி இருந்தால் இதைச் செய் என்பது) போட்டு, மதிப்பு ஆறு இலக்கமாக இருந்தால் மட்டும் மாற்றச் சொன்னேன். ஓடியது. ஆனால் 'கேஸ்' உள்ளே சம், மேக்ஸ் போன்ற தொகுப்புக் கணக்குகள் இருந்தால் அது காப்பாற்றாது. அவை முன்பே கணக்கிடப்பட்டுவிடும். பின்கோடுக்குத் தனி காலம்ன் திங்கட்கிழமைதான் வந்தது.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்காரர்களுக்கு 2012 பதிப்பிலிருந்து 'டிரை கேஸ்ட்' இருக்கிறது. மாற்ற முடியாவிட்டால் எரர் அடிக்காமல் நல் (காலி மதிப்பு) தரும். எண்தானா என்று சொல்லும் 'இஸ்நியூமரிக்'கை மட்டும் நம்பாதீர்கள், வெறும் டாலர் குறியைக் கொடுத்தாலும் எண்தான் என்று தலையாட்டும்.