மோட்டார்ஹோமில் கேஸ்: சிலிண்டரை மாற்றுவதா, டேங்கை நிரப்புவதா?

ஐரோப்பாவில் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்து வாழும் வீட்டு வண்டி, வாங்குகிறவர்கள் படுக்கை, கழிப்பறை, சோலார் தகடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கேஸைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் அந்த வண்டிக்குள் சமையல், சுடுதண்ணீர், குளிர்காலச் சூடு, பல வண்டிகளில் ஃப்ரிட்ஜ்கூட எல்பிஜியில்தான் ஓடுகிறது. அதை வாங்க இரண்டு வழிகள் உண்டு. காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம். நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரின் முறைதான். அல்லது வண்டியிலேயே பொருத்திய டேங்கையோ சிலிண்டரையோ, கார்களுக்கு எல்பிஜி போடும் பங்கில் நிரப்பிக்கொள்ளலாம். எது மலிவு என்பதுதான் வழக்கமாக வரும் முதல் கேள்வி. அதற்கு முன்னால் உள்ளே இருக்கும் திரவம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது நல்லது. பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

எல்பிஜி ஒரே பொருள் அல்ல. புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்கள்தான் அதில் முக்கியமானவை. சாதாரணக் காற்றழுத்தத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி வேண்டும். மூடிய சிலிண்டருக்குள் கீழே திரவமும் மேலே அதன் ஆவியும் இருக்கும். அடுப்பைப் பற்றவைத்தால் ஆவி வெளியேறும், அழுத்தம் சற்றுத் தணியும், உடனே திரவம் கொஞ்சம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். அதனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அழுத்தம் காட்டிக்கொடுக்காது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 20 டிகிரியில் தூய புரொப்பேனின் ஆவியழுத்தம் சுமார் 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), பியூட்டேனுடையது சுமார் 2 பார். மைனஸ் 10 டிகிரிக்கு இறங்கினால் புரொப்பேன் இன்னும் மூன்று பாருக்கு மேல் வைத்திருக்கும். பியூட்டேன் 0.7 பாருக்கு வந்துவிடும். வெளியே இருக்கும் காற்றே 1 பார் என்பதால், சிலிண்டர் நிறைய திரவம் இருந்தும் அடுப்புக்கு ஒன்றும் வராது.

பிரிட்டனில் கேலர் நிறுவனத்தின் சிவப்பு சிலிண்டரில் புரொப்பேன், நீல சிலிண்டரில் பியூட்டேன். மாற்றிக்கொள்ளும் சிலிண்டரின் பெரிய பலம் இதுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே வாங்குகிறோம். ஜனவரியில் ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்குப் போகிறவர் சிவப்பு சிலிண்டரை எடுத்துக்கொண்டால் உறைபனி இரவிலும் ஹீட்டர் நிற்காது.

பங்கில் நிலைமை வேறு. அங்கே விற்பது காருக்கான எரிபொருள். ஐரோப்பாவில் அதற்கு இ.என். 589 என்ற தரநிலை இருக்கிறது. குளிர்காலத்தில் அது குறிப்பிட்ட அளவு ஆவியழுத்தத்தைக் கேட்கிறது, ஆனால் தூய புரொப்பேனைக் கேட்பதில்லை. நாட்டுக்கு நாடு, பருவத்துக்குப் பருவம் கலவை மாறும். கார் இன்ஜினுக்கு இது பிரச்சினையே இல்லை. கார் டேங்கின் அடியிலிருந்து திரவமாகவே எரிபொருளை எடுத்து, இன்ஜினின் சூட்டில் ஆவியாக்கிக்கொள்கிறது. மோட்டார்ஹோமில் அப்படி இல்லை. ஹீட்டரும் அடுப்பும் ஆவியை மட்டுமே எரிக்கக்கூடியவை, அதனால் டேங்கின் மேல் பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழைய கார் டேங்கை மலிவாக வாங்கி மோட்டார்ஹோமில் மாட்டவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து மறுபக்கம் ஆவியானால், ஒரு லிட்டர் புரொப்பேன் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரியும். தீப்பிழம்பு அடுப்புக்கு வெளியே வந்துவிடும்.

ஆவியாக எடுப்பதில் இன்னொரு விளைவு உண்டு. பலர் கவனிக்காத இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. மூலக்கூறு எண்ணிக்கையில் 60 பங்கு புரொப்பேனும் 40 பங்கு பியூட்டேனும் கலந்த திரவத்தைப் பூஜ்ஜியம் டிகிரியில் வைத்துப் பாருங்கள். புரொப்பேன் வேகமாக ஆவியாகும் என்பதால் மேலே சேரும் ஆவியில் அதன் பங்கு 60 ஆக இருக்காது, கிட்டத்தட்ட 87 ஆக இருக்கும். நாம் எரிப்பது அந்த ஆவியை. அதாவது ஒவ்வொரு மணி நேரமும் புரொப்பேன் கூடுதலாக வெளியேறுகிறது, கீழே தங்கும் திரவத்தில் பியூட்டேனின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. மெதுவாக நடக்கும் ஒரு காய்ச்சி வடித்தல் இது. மாற்றிக்கொள்ளும் சிலிண்டரில் அடியில் தங்கியது எதுவானாலும் சிலிண்டரோடு ஆலைக்குத் திரும்பிவிடும். நிரப்பிக்கொள்ளும் டேங்கில் அது அங்கேயே கிடக்கும். பாதி தீர்ந்ததும் மேலே நிரப்பு, மறுபடி பாதி தீர்ந்ததும் நிரப்பு என்று குளிர்காலம் முழுக்கச் செய்துகொண்டே வந்தால், அளவுமானி மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று காட்டும். விடியற்காலை ஹீட்டர் அணைந்துவிடும். டேங்க் பழுது என்று நினைத்துப் பணிமனைக்கு ஓடுவார்கள். உண்மையில் உள்ளே தங்கியிருப்பது பெரும்பாலும் பியூட்டேன்.

குளிரில் கொதிக்கவும் சூடு வேண்டும். 6 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கேஸ் எரிக்கும். அந்த அளவு திரவம் ஆவியாக, சிலிண்டர் தன் சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 50 வாட் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். உறிஞ்ச முடியாவிட்டால் திரவமே குளிர்ந்துவிடும், அழுத்தம் இறங்கும். திரவம் குறைவாக இருக்கும் சிலிண்டர் சீக்கிரம் குளிரும். வண்டியின் அடியில் தொங்கும் டேங்க் ஓட்டத்தில் பனிக்காற்றை நேரடியாக வாங்கும். பக்கவாட்டுப் பெட்டிக்குள் நிற்கும் சிலிண்டருக்கு வண்டியின் கதகதப்பு கொஞ்சமாவது கிடைக்கும். மலைப்பனியில் தங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னது அல்ல.

சரி, நிரப்பும் விஷயத்துக்கு வருவோம். ஆலையில் சிலிண்டரை எடை போட்டு நிரப்புகிறார்கள். ஜெர்மனியின் 11 கிலோ சிலிண்டருக்குள் 27 லிட்டர் இடம் இருக்கிறது. 11 கிலோ புரொப்பேன் திரவமாக 21 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மீதி ஐந்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். சூடேறினால் எல்பிஜி திரவம் மிக அதிகமாக விரியும்: 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் புரொப்பேனின் கன அளவு எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். விரிய இடம் இல்லாமல் திரவம் முழுவதையும் அடைத்துவிட்டால், அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல பார் எகிறும்.

பங்கில் தராசு கிடையாது. அதனால் நிரப்பிக்கொள்ளும் டேங்கின் வால்வுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. திரவம் ஏற ஏற மிதவை உயரும். 80 சதவீதத்தைத் தொட்டதும் உள்வரும் வழியை அது அடைத்துவிடும். நன்றாக வேலை செய்யும் ஏற்பாடுதான், ஆனால் டேங்க் மட்டமாக இருந்தால் மட்டும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் மிதவை தப்பான உயரத்தில் அடைக்கும். அதைக் கடந்தும் ஏதாவது நடந்தால் காப்பாற்ற ஓர் அழுத்த வால்வு உண்டு. ஐ.நா.வின் 67-ஆம் எண் வாகன விதிப்படி செய்த டேங்குகளில் அது 27 பாரில் திறக்கும். சாதாரண மாற்று சிலிண்டரில் 80 சதவீத மிதவை கிடையாது. அடாப்டர் மாட்டிப் பங்கில் அதை நிரப்புவது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். எப்போது நிறுத்துவது என்று சொல்ல உள்ளே எதுவுமே இல்லை என்பதுதான் உண்மையான ஆபத்து. இதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

அப்புறம் எல்லைகள். கேலர் சிலிண்டரை பிரான்ஸில் மாற்ற முடியாது, ஜெர்மன் சிலிண்டரை இத்தாலியில் மாற்ற முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி சிலிண்டர், தனி வால்வு. பல நாடுகளில் கிடைப்பது கேம்பிங்காஸ் நிறுவனத்தின் நீல சிலிண்டர். ஆனால் அதன் பெரிய அளவே 2.75 கிலோதான், உள்ளே பியூட்டேன், கிலோவுக்கு விலையும் அதிகம். ஹீட்டருக்கு அது எந்த மூலைக்கும் காணாது. நிரப்பும் டேங்குக்கு இந்தத் தொல்லை குறைவு. பங்க் குழாயின் வாய்தான் மாறும்: பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பயோனெட், ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் ஆக்மி, பிரான்ஸிலும் இத்தாலியிலும் போலந்திலும் டிஷ், ஸ்பெயினில் யூரோ நாசில். உள்ளங்கையில் அடங்கும் நான்கு அடாப்டர்கள் போதும். ஆனால் பின்லாந்துப் பக்கம் போனால் எல்பிஜி பங்கே ஏறக்குறைய கிடையாது. பிரிட்டனிலும் சமீப ஆண்டுகளில் பங்குகள் ஒவ்வொன்றாக எல்பிஜி விற்பதை நிறுத்தி வருகின்றன. போகும் வழியை முன்கூட்டியே பார்த்து வைக்காமல் டேங்கை நம்பக் கூடாது.

பணக் கணக்கு நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் சிறிய சிலிண்டரில் வாங்கும் கேஸ் பங்க் விலையைவிட கிலோவுக்கு இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஜெர்மனியில் 11 கிலோ சிலிண்டர் மலிவாகக் கிடைப்பதால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். நிரப்பும் சிலிண்டர், வண்டியின் வெளிப்புறத்தில் நிரப்புவதற்கான வாய், குழாய், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து பல நூறு பவுண்ட் வரும். கோடையில் சில வார இறுதிகள் மட்டும் போய் வருகிற குடும்பத்துக்கு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிலிண்டர் தீர்ந்தால் அதிகம். அந்தப் பணம் வண்டியை விற்கும் வரை திரும்பி வராது. அவர்கள் மாற்று சிலிண்டரோடு இருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

மாதக்கணக்கில் நாடு நாடாகப் போகிறவருக்கும், குளிர்காலத்தில் வண்டியிலேயே வசிப்பவருக்கும் பதில் நேர்மாறு. கடும் குளிரில் ஹீட்டர் ஒரு நாளைக்கு 3 கிலோ வரை தின்னும். 11 கிலோ நான்கு நாள்கூடத் தாங்காது. பாதி தீர்ந்த நிலையில் பங்கைக் கண்டால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற வசதியை மாற்று சிலிண்டர் தருவதில்லை. இவர்களுக்கும் அடியில் தொங்கும் பெரிய டேங்கைவிட, பெட்டிக்குள் நிற்கும் இரண்டு நிரப்பும் சிலிண்டர்களையே நான் சொல்வேன். சாதாரண கார் உரிமத்தில் ஓட்டும் வண்டி 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. அதில் அலுமினிய சிலிண்டர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிலோவும் தண்ணீருக்கோ சைக்கிளுக்கோ உதவும். எந்த முறையானாலும் பெட்டியின் தரையில் உள்ள காற்றோட்டத் துளையை மட்டும் மூடிவிடக் கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் கீழே இறங்கி, அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற முடியும்.

நிரப்பும் சிலிண்டர் இரண்டு இருந்தால், பியூட்டேன் பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைக்காமல் ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். ஒன்றின் அடியில் தங்கியதை, வெயில் இருக்கும் பகலில் சமைத்தே காலி செய்துவிட்டு, குளிர்ப் பிரதேசத்துக்குள் நுழைந்த பிறகு, குளிருக்கேற்ற கலவை விற்கும் அங்குள்ள பங்கில் அதை நிரப்ப வேண்டும். இத்தாலியக் கடற்கரையிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக ஆஸ்திரியாவுக்கு ஏறுகிறவர், கடற்கரையிலேயே இரண்டையும் நிரப்பிக்கொண்டு போகாமல், ஒன்றைக் காலியாகவே கொண்டுபோய் கணவாய்க்கு அப்பால் நிரப்பினால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.