குறுக்குக்காற்று

ஆங்கிலத்தில் 'கிராஸ்விண்ட்'. இந்தக் 'கிராஸ்' சிலுவை அல்ல, 'குறுக்கே' என்று பொருள். 'பலத்த காற்று' என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். இது காற்றின் வலுவைச் சொல்லும் பெயரே அல்ல. பாதைக்கும் காற்றுக்கும் இடையிலான கோணத்தைச் சொல்வது.

நம் பழைய பெயர்கள் திசையால் வந்தவை: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. தண்டவாளத்துக்கு அது போதாது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பாதை பெரும்பாலும் வடக்கு நோக்கியது, கடல் வலப்பக்கம். அங்கே வாடை எதிர்க்காற்று, கொண்டல் குறுக்குக்காற்று. அதே கொண்டல், சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் வண்டிக்குப் பின்காற்று!

'பக்கக்காற்று' என்றும் சொல்லலாம், பிழையில்லை. ஆனால் நெடுக்குக்கு எதிர்ச்சொல் குறுக்கு, தண்டவாளமோ நெடுக்கு. அதனால் எங்கள் ஓட்டு குறுக்குக்காற்றுக்கே. இன்னொரு காரணமும் உண்டு. 200 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியின் மேல் 100 கி.மீ. காற்று பக்கவாட்டிலிருந்து நேர்குறுக்காக வீசினால், வண்டி உணர்வது சுமார் 224 கி.மீ. காற்று, அதுவும் முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 27 பாகை சாய்வாக. பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை.

நின்றிருக்கும் வண்டிக்கே 100 கி.மீ. காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ அழுத்தம் தரும். 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள பெட்டியின் பக்கவாட்டில் அது கிட்டத்தட்ட 3 டன். காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. காற்று வரும் பக்கத்துச் சக்கரங்களில் சுமை குறைந்துகொண்டே போய், முற்றிலும் இல்லாமல் போகும்போது பெட்டி கவிழத் தொடங்கும். பாலத்தில் மரமோ கட்டடமோ மறைப்பதில்லை. உயரம் கூடக் காற்றும் கூடும். எண்ணூரைத் தாண்டிக் கொசஸ்தலையாற்றைக் கடக்கும்போது சன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

எடை குறைந்த பெட்டிக்குத்தான் ஆபத்து அதிகம். 1986 டிசம்பர் 28 அன்று ஜப்பானின் அமருபே பாலத்தில் பயணிகள் இல்லாத காலிப் பெட்டிகள் 41 மீட்டர் கீழே இருந்த தொழிற்சாலை மேல் விழுந்து 6 பேர் இறந்தனர். கனமான எஞ்சின் பாலத்திலேயே நின்றது. 1964 பாம்பன் விபத்தை இதோடு சேர்க்கக் கூடாது, அது புயல் அலை செய்த வேலை.

பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும் ஏற்பாடு இருந்தது. காற்றுவேகமானியின் சுழலும் கிண்ணங்களுக்கு வேகம்தான் தெரியும், திசை தெரியாது. பக்கத்தில் காற்றுத் திசைகாட்டியும் இருந்தால்தான் அளந்த காற்றில் குறுக்குப் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும்.