ஏர் பிரேக் சத்தமும் பக்கத்து சீட்டும்

போன மாதம் ஒரு அம்மா கடிதம் எழுதியிருந்தார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒன்பதாவது படிக்கும்போது அவள் போன பஸ் ஒரு வளைவில் சறுக்கி வயலுக்குள் சாய்ந்துவிட்டது. அவளுக்குக் கையில் எலும்பு முறிவு, அவ்வளவுதான். மாவுக்கட்டைப் பிரித்துப் பல நாளாகிவிட்டது. ஆனால் ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்து மூச்சு முட்டுகிறது. மந்திரித்துப் பார்த்தார்கள், தாயத்து கட்டினார்கள். இரண்டு வருடமாகப் பள்ளிக்கு ஆட்டோதான்.

இப்போது டியூஷனில் ஒரு பையன். அவன் கூட வந்தால் மட்டும் பஸ் ஏறுகிறாள். ஜன்னலோர சீட்டில்கூட உட்காருகிறாளாம். “நான் கூப்பிட்டா ஏற மாட்டேங்கிறா சார். காதல் வந்தா பயம் போயிடுமா? இல்ல இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்தினாளா?” என்று கேட்டிருந்தார்.

ஏமாற்றவில்லை. அதே சமயம் பயம் போய்விடவும் இல்லை. இது இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம்.

முதலில் அடிப்படை. பாவ்லோவ், நாய், மணியோசை, எச்சில் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. இங்கே மணிக்குப் பதில் ஏர் பிரேக். பிரேக்கில் அடைத்து வைத்த அழுத்தக் காற்று வெளியேறும் சத்தம் அது, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த ஒரு நாள் அது விபத்தோடு சேர்ந்து ஒலித்தது. மூளையின் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா, சத்தத்தையும் விபத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு சத்தம் கேட்டாலே அட்ரினலின், வியர்வை, படபடப்பு. யோசித்து வருகிற பயம் இல்லை இது. ‘பயப்படாதே’ என்று சொன்னால் போவதற்கு அது வார்த்தையைக் கேட்டு வந்ததும் இல்லை.

பாவ்லோவின் நாய்களுக்கு இன்னொரு கதை உண்டு, பாடப் புத்தகத்தில் வராது. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். ஆய்வுக்கூடத்து நாய்க் கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏற, நாய்கள் மூக்கை மட்டும் மேலே நீட்டி நீந்திக்கொண்டிருந்தன. ஆட்கள் வந்து காப்பாற்றினார்கள். ஆனால் சில நாய்கள் முன்பு பழகியதையெல்லாம் மறந்து மிரண்டு கிடந்தன. பொறுமையாகப் பழக்கி ஒரு நாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஒரு நாள், அது இருந்த அறையின் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டார்கள். கொஞ்சம்தான். நாய்க்குப் பழைய மிரட்சி அப்படியே திரும்பி வந்துவிட்டது.

தேறியதாக நினைத்த பயம் எங்கே ஒளிந்திருந்தது?

எங்கும் ஒளியவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தம் வந்து, விபத்து வராமல், மறுபடி சத்தம் வந்து, மறுபடி ஒன்றும் ஆகாமல் போனால் பயம் குறைகிறது. இதற்கு ‘அணைதல்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் தீ அணைவது போலத் தோன்றும். உண்மையில் சுவரில் போஸ்டர் ஒட்டுவது போல என்று சொன்னால் சரியாக இருக்கும். ‘சத்தம் என்றால் ஆபத்து’ என்ற பழைய போஸ்டரை மூளை கிழிப்பதில்லை. அதன்மேல் ‘சத்தம் என்றால் ஒன்றுமில்லை’ என்று புதுப் போஸ்டர் ஒட்டுகிறது. மழை பெய்து ஓரம் பிரிந்தால் அடியில் பழைய முகம் எட்டிப் பார்க்கும்.

புதுப் போஸ்டரை ஒட்டுவது யார் என்று 2002இல் பியூர்ட்டோ ரிக்கோவில் முகமது மிலாடும் கிரெகரி குவர்க்கும் எலிகளில் பார்த்தார்கள். ஒரு ஒலி, கூடவே காலில் லேசான ஷாக். எலி பயந்து உறைந்து நின்றது. பிறகு ஷாக் இல்லாமல் ஒலி மட்டும், திரும்பத் திரும்ப. பயம் குறைந்தது. அந்த நேரம் முழுக்க, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் ஒரு சின்னப் பகுதியில் மின்முனைகளை வைத்துக் கவனித்தார்கள். பயம் குறைந்துகொண்டிருந்தபோது அந்த நியூரான்கள் ஒலியைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுநாள் அதே ஒலியைப் போட்டபோதுதான் படபடவென்று துடித்தன. எந்த எலியில் அதிகம் துடித்தனவோ அந்த எலி குறைவாகப் பயந்தது. ஆக, பாடம் நடந்தது முதல் நாள், அதை எடுத்துச் சொன்னது மறுநாள். அந்தப் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, பயம் தெளிவிக்கப்படாத எலிகள்கூடக் குறைவாக உறைந்தன. இதைக் காட்டும் அந்த ஆய்வின் வரைபடத்தை நான் எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பதினாறு வயதில் பிரச்சினை இங்கேதான். அமிக்டலா சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது, அதை அடக்க வேண்டிய முன்மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2012இல் வந்த ஒரு ஆய்வில் குழந்தைகள், பதின்வயதினர், பெரியவர்கள் மூன்று தரப்பையும் சோதித்தார்கள். பயத்தைக் கற்பதில் பதின்வயதினர் யாருக்கும் சளைக்கவில்லை. அதை அணைப்பதில்தான் பின்தங்கினார்கள். பதின்பருவத்து எலிகளிலும் அதே கதை. ‘வயசுப் பொண்ணு, ரெண்டு நாள்ல மறந்துடுவா’ என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சரி, அம்மா கூட வந்தால் ஏன் ஏறவில்லை? அந்த அம்மாவுக்கு இது வலித்திருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. மினசோட்டாவில் மேகன் குன்னரின் குழுவினர் பிள்ளைகளை மேடைப் பேச்சுக்குத் தயார் செய்யச் சொல்லி, எச்சிலில் கார்ட்டிசால் அளந்தார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பக்கத்தில் இருந்தாலே அந்த மன அழுத்த ஹார்மோன் ஏறவில்லை. பதினைந்து, பதினாறு வயதில் பெற்றோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஏறியது. பாசம் குறைந்துவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை, அந்தக் கதவின் பூட்டு மாறுகிற வயது அது. வேடிக்கை என்னவென்றால், அதே குழுவின் இன்னொரு சோதனையில் அந்த வயதில் நண்பர் பக்கத்தில் இருந்தபோது கார்ட்டிசால் கூடுதலாக ஏறியது. ஒத்த வயசுக்காரர் யார் வந்தாலும் போதும் என்பதில்லை.

விரும்புகிறவர் வந்தால்? ஜேம்ஸ் கோன் 2006இல் பதினாறு மணமான பெண்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, ஷாக் வரலாம் என்று எச்சரித்தார். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் ஆபத்துக் கூச்சல் அடங்கியது. இல்லறம் நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் அடங்கியது. அவர்கள் பெரியவர்கள்தான். ஆனாலும் பக்கத்து சீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு துப்பு.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைக் காட்ட அந்தத் தாயத்தையே எடுத்துக்கொள்கிறேன். தாயத்து கட்டிக்கொண்டு பஸ் ஏறி, பத்திரமாக இறங்கினால் மூளை என்ன கற்கும்? ‘பஸ் ஒன்றும் செய்யாது’ என்று கற்காது. ‘தாயத்து இருந்ததால் தப்பித்தேன்’ என்று கற்கும். புதுப் போஸ்டருக்கு இடமே இல்லை. 2000இல் பீட்டர் லவிபாண்ட் இதைத்தான் ஆய்வகத்தில் காட்டினார். பயமூட்டும் அறிகுறியோடு ஒரு பாதுகாப்பு அறிகுறியையும் சேர்த்துக் காட்டிக்கொண்டே இருந்தால், அந்த நேரத்துக்கு பயம் தெரியாது. பாதுகாப்பு அறிகுறியை எடுத்தவுடன் பயம் பத்திரமாக அப்படியே இருக்கும். பேய் பிசாசு என்று பேசினால் எனக்குக் கோபம் வரும். தாயத்தின் மேல் என் புகார் அதைவிட எளியது: அது பயத்தைக் காப்பாற்றி வைக்கிறது.

அப்படியானால் அந்தப் பையனும் ஒரு தாயத்துதானா?

நானும் அப்படித்தான் நினைத்தேன், எரிகா ஹார்ன்ஸ்டைன் கலிஃபோர்னியாவில் செய்த சோதனைகளைப் படிக்கும்வரை. பங்கேற்றவர்களிடம், தங்களுக்கு மிகவும் ஆதரவாக இருப்பவரின் புகைப்படத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் படத்தை ஷாக்கோடு சேர்த்தார்கள். மற்ற படங்களைக் கண்டு பயப்படக் கற்ற உடம்பு, இந்தப் படத்தைக் கண்டு பயப்படக் கற்க மறுத்தது. 2018இல் அடுத்த கட்டம். பயம் அணையும் நேரத்தில் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். லவிபாண்ட் சொன்னபடி பயம் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பயம் நன்றாக அணைந்தது, படத்தை எடுத்த பிறகும் திரும்பவில்லை. சாதாரணப் பாதுகாப்பு அறிகுறிக்கும் நேசிக்கிற முகத்துக்கும் மூளை வேறு வேறு கணக்கு வைத்திருக்கிறது.

இதற்காக உடனே எல்லோரும் காதலிக்கத் தொடங்க வேண்டாம். அவை ஆய்வகத்தில் சில நிமிடம் உண்டாக்கிய சின்ன பயங்கள், பங்கேற்றவர்கள் பெரியவர்கள். நம் ஊர்ப் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்க்கப் பெரிய ஸ்கேன் எந்திரம் தேவையில்லை. தோலின் மின்கடத்தலை அளக்கும் சின்னக் கருவியும், பயிற்சி பெற்ற ஒரு ஆளும், பெற்றோரின் சம்மதமும் போதும். ராக்கெட்டுக்குப் பணம் கொடுக்கும்போது கைதட்டுகிறோம். பள்ளிக்கு ஓர் ஆலோசகர் கேட்டால் மட்டும் கஜானா காலியாகிவிடுகிறது. விபத்தைவிடக் கொடிய காரணங்கள், குறிப்பாக ஒரு மனிதரால் நேர்ந்த காயங்கள், பக்கத்து சீட்டில் தேறுகிறவை அல்ல. அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு 14416.

அந்த அம்மாவுக்கு எழுதிய பதிலில் இன்னொன்றும் சொன்னேன். புதுப் போஸ்டர் ஒட்டிய சுவரில்தான் இருக்கும். மார்க் பூட்டன் எலிகளில் காட்டியது இது: ஒரு பெட்டியில் கற்ற பயத்தை வேறு பெட்டியில் அணைத்துவிட்டு, எலியைப் பழைய பெட்டிக்கே கொண்டுபோனால் பயம் திரும்பிவிடும். ஆகவே டியூஷன் பஸ்ஸில் அவனோடு போவது மட்டும் போதாது. வேறு ரூட், வேறு நேரம், ஒரு நாள் தோழியோடு, ஒரு நாள் அவன் இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கிக்கொள்ள மீதி தூரம் தனியாக. கூடவே மனநல ஆலோசகர் ஒருவர் வழிகாட்டினால் நல்லது. இன்றைக்குக் காதல் இருக்கிறது, நாளைக்குச் சண்டை வரலாம், பஸ் அதன்பிறகும் எட்டரைக்கு வரும்.

அவர் திரும்ப எழுதினார். “நீங்க சொன்ன மாதிரி படம் மட்டும் போதும்னா, அந்தப் பையன் படத்தை நானே எப்படி சார் அவகிட்ட கொடுக்கிறது?”

நீங்கள் கொடுக்க வேண்டாம் அம்மா. அவளுடைய போன் கவரை நீங்கள் கழற்றிப் பார்க்காமல் இருந்தால் போதும்.