டேப்பெட்: சொல்லும் பொருளும்

"டேப்பெட் பார்க்கணும்", "டேப்பெட் டைட்டா இருக்கு", "டேப்பெட் அடிக்குது." மாருதி 800-இலோ பழைய புல்லட்டிலோ கை வைத்த எந்த மெக்கானிக்கிடமும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அவர் சொல்வது பெரும்பாலும் ஒரு பாகத்தை அல்ல, ஓர் இடைவெளியை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சிலிண்டருக்குள் காற்றை விட்டு, புகையை வெளியேற்றும் வால்வின் தண்டு நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விட்டுவைக்கிற மயிரிழை அளவு இடம் அது.

ஆங்கிலத்தில் டேப்பெட் என்பது பாகத்தின் பெயர். லேசாகத் தட்டுவதைக் குறிக்கும் 'டேப்' என்ற வினையிலிருந்து வந்த சொல் என்பார்கள். கேம் தண்டு சுழலும்போது அதன் மேடு டேப்பெட்டைத் தள்ளும், டேப்பெட் வால்வைத் திறக்கும். நெசவுத் தொழில்நுட்பத்தில் கதையே வேறு. அங்கே பாவு நூல்களைத் தாங்கும் விழுதுகளை ஏற்றி இறக்கும் கேமுக்கே டேப்பெட் என்று பெயர். ஒரு தொழிலில் தள்ளப்படும் பாகம், இன்னொன்றில் தள்ளும் பாகம். நம் ஒர்க்‌ஷாப்பில் இரண்டும் இல்லாமல், நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கே அந்தப் பெயர் போய்விட்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? கேமுக்கு நெம்புருள் என்ற சொல் ஏற்கெனவே உண்டு. அது தரும் உந்துதலை வாங்கிக் கடத்துவதால் டேப்பெட் பாகத்தை உந்துறுப்பு எனலாம். வால்வுக்கு ஓரதர் என்ற சொல் கலைச்சொல் பட்டியல்களில் தென்படும். 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்ற குறளில் வரும் அதர்தான் அது, வழி என்று பொருள். ஒருவழி என்பதால், கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வுக்கு ஓரதர் கச்சிதமாகப் பொருந்தும். இன்ஜின் வால்வு அப்படித் தானாக ஒரு திசைக்கு மட்டும் வழிவிடுவதில்லை. நெம்புருள் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. இலத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. அதற்கு நெருங்கி வருவது அடைப்பிதழ். ஆனாலும் வால்வு தமிழில் ஊறிவிட்ட சொல், அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் மாற்றச் சொல்வது டேப்பெட் செட்டிங் என்பதைத்தான். 'வால்வு இடைவெளி பார்த்தல்' என்று சொன்னால் வேலை என்னவென்று சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தட்டும் சத்தத்தோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால், சத்தம் வந்தால்தான் பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று கேட்கும், வால்வு முழு உயரத்துக்குத் திறக்காது, பாகங்கள் மோதித் தேயும். குறைந்தால் சத்தமே வராது, கெடுதல் அதில்தான் அதிகம். வால்வு மூடியிருக்கும் நேரத்தில்தான் அதன் சூடு, அது உட்காரும் இருக்கை வழியாக சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு இறங்கும். சூட்டில் தண்டு நீண்டு இடைவெளி முழுவதும் தீர்ந்துபோனால் வால்வு சரியாக உட்காராது, விளிம்பு கருகிவிடும். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஓட ஓட வால்வு முகமும் இருக்கையும் தேய்ந்து தண்டு மேலேறும்போது, இடைவெளி சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வரும்.

ஹோண்டா எஸ்2000-ஐ எடுத்துக்கொள்வோம். 1999-இல் வந்த கார். இதன் 2 லிட்டர் எஃப்20சி இன்ஜினில் டர்போ கிடையாது, சிவப்புக் கோடு, அதாவது வேக எல்லை, 9000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9000 சுற்று). அந்த வேகத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. பல சாதாரணக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருக்கும். இதில் அது இல்லை. 16 வால்வுக்கும், கையால் சரிசெய்யும் திருகும் அதைப் பூட்டும் நட்டும்தான். காற்றை உள்ளே விடும் இன்டேக்கில் 0.21 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 0.25 முதல் 0.29 மி.மீ. ஹெட்டின் சூடு 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகே அளக்க வேண்டும். காலையில் ஓட்டிவந்த காரை மதியம் பார்ப்பதைவிட இரவு முழுக்க நிறுத்தி வைப்பது நல்லது.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் 1-3-4-2 என்ற வரிசையில் கிராங்க்கை அரைச்சுற்று அரைச்சுற்றாக நகர்த்துவார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஃபில்லர் கேஜ் என்கிற மெல்லிய தகட்டைத் திருகுக்கும் தண்டு நுனிக்கும் நடுவே செருகி இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், சிக்கக் கூடாது. நட்டை இறுக்கும்போது திருகும் கொஞ்சம் கூடவே திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் அடுத்த வால்வுக்குப் போகவே கூடாது.

இதற்காக வால்வு கவரைக் கழற்றியபோதே இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். மூன்றாவது கியரிலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் விழுந்தால், சக்கரமே இன்ஜினை எல்லை மீறிச் சுழற்றும். வேகக் கட்டுப்பாட்டு மின்னணுவியலால் அதைத் தடுக்க முடியாது. ஸ்பிரிங்கால் வால்வை நெம்புருளோடு ஒட்டிக் கொண்டுவர முடியாமல் போகும். இந்தக் காரின் முதல் தலைமுறையில், ஸ்பிரிங்கைத் தாங்கும் ரிடெய்னர் இப்படி விரிசல் விடுவது உரிமையாளர்களிடையே தெரிந்த விஷயம். 16 வால்வையும் வரிசையாகப் பார்த்தால், ஒன்றில் மட்டும், தண்டை ரிடெய்னரோடு பிடித்துவைக்கும் லாக் ரிடெய்னருக்குள் அமுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். இடைவெளி ஒரு வால்வில் மட்டும் தாறுமாறாகக் கூடியிருந்தால் அது வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு, திருகை முறுக்கி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மூடக் கூடாது. பழைய எஸ்2000 வாங்கப் போகிறவர், விலை பேசும் முன்பே கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம்.