விரிசல்: ‘கிராக்’ என்பதற்கு நம் சொல்

“அண்ணே, கிளாஸ் கிராக் ஆயிருச்சு!” சிங்கப்பூர் தேக்காவில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தம்பி சொன்னார். அடியிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடு. இதற்குத் தமிழில் விரிசல் என்று பெயர்.

வேர் ‘விரி’, விகுதி ‘சல்’. நெரி, நெரிசல் ஆவது போல. (காலை எட்டு மணி எம்ஆர்டி ரயிலில் இந்த விகுதி நன்றாகவே புரியும்.) பாய் விரிப்பதும் பூ விரிவதும் வெப்ப விரிவும் இதே வேர். தம்பியின் கிளாசில் நடந்ததும் அதுதான். உட்சுவர் சூடேறி விரியப் பார்த்தது, சூடேறாத வெளிச்சுவர் இழுபட்டது. விரிவு விரிசலானது.

கீறல் வேறு. கீறல் விழும்; விரிசல் விடும், ஓடும். நம் வழக்கு பிரித்து வைத்த இவ்விரண்டையும் 1921இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கணக்குப் போட்டு இணைத்தார். அணுப்பிணைப்பை வைத்துப் பார்த்தால் கண்ணாடி பன்மடங்கு வலுவாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல்களே அந்த வலிமையைத் தின்கின்றன. கீறலின் நுனியில் இழுவிசை குவிந்து, அளவு மீறினால் விரிசல் ஓடுகிறது. உலோகத்தில் அணு அடுக்குகள் வழுக்கி நுனியை மழுக்கிவிடும். கண்ணாடியில் வழுக்குவதற்கு அடுக்கே கிடையாது. ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். அந்த நான்முகிகள் (நான்கு முக்கோண முகம் கொண்ட வடிவங்கள்) மூலைக்கு மூலை கைகோத்த ஒழுங்கற்ற வலை அது. 1932இல் இயற்பியலாளர் சக்கரியாசன் தந்த விளக்கம் இது.

சாதாரணக் கண்ணாடியில் மணலோடு சோடாவும் (சோடியம் கார்பனேட்) சுண்ணாம்பும் சேரும். அதனால் எளிதில் உருகும்; ஆனால் சோடியம் புகுந்த இடத்தில் கைகோப்பு அறும், வலை தளரும், சூட்டில் விரிவும் கூடும். போரான் ஆக்சைடு கலந்த ஆய்வகக் கண்ணாடி இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிகிறது.

ஈரமும் எதிரிதான். நீர் மூலக்கூறு கீறலின் நுனியில் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை அறுப்பதால், சுமை கூடாமலே கீறல் மெல்ல நீளும். மலாயில் ‘ரெத்தாக் மெனாந்தி பெலா’ என்பார்கள்: பிளவுக்குக் காத்திருக்கும் விரிசல். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

சிலர் ‘வெடிப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வயல் வெடிப்பும் பித்தவெடிப்பும் ஈரம் வற்றி வருபவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறையின் கடினமாக்கிய கண்ணாடிக் கதவு பொலபொலவென்று சிதறுவது மட்டும் விதிவிலக்கு. உள்ளே இறுகிக் கிடந்த விசை மொத்தமும் ஒரே கணத்தில் விடுபடுகிறது. அங்கே ‘வெடித்தது’ என்பதே சரி.